பத்தாவது நாளும் ஒரு சிங்கமும்

என் அக்கா இருபத்தொன்பது வருடமாகக் கென்யாவில் இருக்கிறாள். ஒரு சிங்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆப்பிரிக்கா என்றால் கதவைத் திறந்ததும் வாசலில் சிங்கம் படுத்திருக்கும் என்று நினைப்பு. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிற நானே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கன்னியாஸ்திரி. மடத்தில் சிஸ்டர் ஆக்னஸ். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு கிராமத்தில் மருந்தகம் நடத்துகிறாள். அங்கே கோழி உண்டு, ஆடு உண்டு, மலேரியா உண்டு. சிங்கம் இருக்கிற புல்வெளி அங்கிருந்து ஒரு நாள் பயணத் தூரம். வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியாஸ்திரி அங்கே எதற்குப் போகப்போகிறாள்? முதலில் கடிதத்திலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் நான் கடைசி வரியாக "சிங்கம் பார்த்தியா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லை" என்று பதில் வரும். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குப் பதில் மாறி வந்தது. "பாக்கணும்டி. சீக்கிரம் பாக்கணும்" என்று எழுதியிருந்தாள். உடனே போன் போட்டேன். கண் அழுத்த நோயாம். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம் இருக்கிறதாம். அது எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மே மாதம் பதினாறாம் தேதி அவளை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னாள்.

அன்றைக்கே என் கணவர் சூசையிடம் சொல்லிவிட்டேன். நாம் போகிறோம், அக்காவுக்குச் சிங்கம் காட்டிவிட்டு வருகிறோம். அவர் திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "அங்கன போயி எங்கன தங்குறது?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் சிக்கலே. மலிவான முகாம்களுக்கெல்லாம் குண்டும் குழியுமான பாதையில் நாள் முழுக்கப் போகவேண்டும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவ்வளவு குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன விமானம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சொகுசு லாட்ஜ்கள். எங்களுக்கு லாட்ஜ் என்றால் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாளியும் குவளையும் கொடுக்கிற லாட்ஜ்தான். இது கூடாரத்துக்குள் குளியல் தொட்டி வைத்திருக்கிற லாட்ஜ். மே மாதம் அங்கே மழைக்காலம், கூட்டம் குறைவு, அதனால் பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் கூட்டம் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. மழையில் புல் ஆள் உயரம் வளர்ந்துவிடும், சிங்கம் கண்ணில் படுவது கஷ்டம்.

அக்காவின் மடத்துத் தலைவி மூன்று நாள் அனுமதி எழுத்தில் கொடுத்தார். பதின்மூன்றாம் தேதி போய், இரண்டு இரவு தங்கி, பதினைந்தாம் தேதி மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். தங்கையுடனும் தங்கை கணவருடனும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த மூன்று நாளை விட்டால் வேறு நாளே கிடையாது.

லாட்ஜிலிருந்து ஒரு படிவம் வந்தது. எட்டுப் பக்கம். என்ன சாப்பிடுவீர்கள், எது ஒத்துக்கொள்ளாது, தலையணை கெட்டியாக வேண்டுமா மெத்தென்று வேண்டுமா, ஏதாவது கொண்டாட்டம் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. தேனியில் எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த பாண்டியராஜன்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினார். அவர் வளைகுடாவுக்கும் புனித பூமிக்கும் ஆள் அனுப்பிப் பழகினவர், சிங்கத்துக்கு அனுப்புவது இதுதான் முதல் தடவை. கொண்டாட்டம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னேன். கண் விஷயத்தை அந்நியர்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

உடுப்புக்கும் விதி இருந்தது. பளிச்சென்ற நிறம் கூடாது, வெள்ளை கூடாது, காக்கியோ மண் நிறமோ நல்லது. சூசை தேனியில் இரண்டு காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்தார். அளவெடுத்தவர் "எந்த ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுறீக?" என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் மண் நிறத்தில் ஒரு சேலைகூட இல்லை. ஒன்று வாங்கினேன், அதிலும் சிவப்புக் கரை.

பெட்டி கூடாது, துணிப் பைதான், தலைக்குப் பதினைந்து கிலோ என்றார்கள். அக்காவுக்காக எடுத்து வைத்த முறுக்கு, ஏலக்காய், பருப்புப் பொடி எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருந்தேன். அந்த நாட்டில் பாலித்தீன் பைக்குத் தடை, அபராதம் போடுவார்கள் என்று பாண்டியராஜன் போனில் சொன்னார். எல்லாவற்றையும் அவிழ்த்து மஞ்சப்பைகளில் மாற்றினேன். கல்யாண வீட்டு மஞ்சப்பைகள்தான், மணமக்கள் பெயரெல்லாம் அச்சடித்தவை.

சேலையோடு ஜீப்பில் ஏறி இறங்கிப் பழக ஒருநாள் சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போய்வந்தோம். மூன்றாவது வளைவில் ஒரு காட்டுமாடு ரோட்டின் நடுவே நின்றது. டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் காத்திருந்தார், அது பார்த்துவிட்டுப் போனது. இதைப் பார்க்க எவ்வளவு கட்டினோம் என்று சூசை என்னைக் கேட்டார்.

இவ்வளவும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் கோட்டை விட்டோம்.

அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கு ஒரு மஞ்சள் அட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். எல்லா ஊரிலும் போடமாட்டார்கள். தூத்துக்குடிக்குப் போனோம். போட்ட பிறகு பத்து நாள் ஆகவேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். ஊசி போட்டது மூன்றாம் தேதி. திரும்பி வரும்போது பஸ்ஸில் சூசை விரல் விட்டு எண்ணினார். மூன்று ஒன்று, நான்கு இரண்டு, ஐந்து மூன்று. பன்னிரண்டு வந்தபோது பத்து. நானும் எண்ணினேன், எனக்கும் பன்னிரண்டுதான் வந்தது. பன்னிரண்டாம் தேதி மாலை கொச்சியிலிருந்து விமானம் என்று பாண்டியராஜனிடம் சொல்லிவிட்டோம்.

எங்கள் பக்கம் நாள் எண்ணுவது அப்படித்தான். காரியம் நடந்த நாளே முதல் நாள். இறந்த அன்றைக்கு ஒன்று என்று வைத்துத்தான் முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்வோம். திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து அடித்த அன்றே ஒன்று என்று எண்ணித்தான் அறுப்புக்கு ஆள் பேசுவோம். ஞானோபதேச வகுப்பில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கும் அதுதான். ஆண்டவர் வெள்ளிக்கிழமை மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார், வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. ஆண்டவருக்கே சரியாக இருந்த கணக்கு எங்களுக்குத் தப்பாகும் என்று ஏன் தோன்றப்போகிறது?

பதினொன்றாம் தேதி மத்தியானம் கம்பத்தில் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மறுநாள் விடிந்ததும் கார். கடைக்காரர் அட்டையைக் கண்ணாடியில் வைக்கும்போது, அதில் சின்ன எழுத்தில் இருந்ததைச் சும்மா வாசித்தேன். ஊசி போட்ட நாளுக்குப் பிறகு பத்து நாள் கழித்துச் செல்லும் என்று இருந்தது. நாளுக்குப் பிறகு. அப்படியென்றால் நான்காம் தேதிதான் ஒன்று. பத்து வருவது பதின்மூன்றாம் தேதி.

சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். பத்து வரை எண்ணத் தெரியாமல் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.

பாண்டியராஜன் முதலில் சமாதானம் சொன்னார். அவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்க்கமாட்டார்கள், போய்ப் பார்க்கலாம் என்றார். பிறகு அவரே விமான கம்பெனிக்குப் பேசிவிட்டுக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "டீச்சர், கவுண்டர்லயே அட்டையப் பாப்பாகளாம். நாள் முடியலைன்னா ஏத்த மாட்டாகளாம். திருப்பி விட்டா அந்த டிக்கெட்டும் போயிரும், அடுத்த டிக்கெட்டும் உடனே கெடைக்காது." பதின்மூன்றாம் தேதி மாலை விமானத்துக்கு மாற்றச் சொன்னேன். அப்படியென்றால் நாங்கள் லாட்ஜுக்குப் போய்ச் சேருவது பதினான்காம் தேதி. இரண்டு இரவில் ஒன்று போயிற்று. சிங்கம் தேடிப் போகிற சவாரி நான்கில் இரண்டு போயிற்று.

அக்காவுக்குப் போன் செய்தேன். நீ பதின்மூன்றாம் தேதியே போய்விடு, நாங்கள் மறுநாள் வந்து சேர்ந்துகொள்கிறோம், அந்த இரண்டு சவாரியிலேயே சிங்கம் கிடைத்தாலும் கிடைத்துவிடும் என்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

"தங்கச்சி கூடப் போறேன்னுதான் அனுமதி கேட்டேன். அந்தப் பெரிய எடத்துல நான் தனியாப் போயி ஒக்காந்திருக்கவா? வேணாம்டி. நீங்க வாங்க, சேந்து போவோம்."

சேர்ந்து போனால் மிஞ்சுவது ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்தான் என்று சொன்னேன். கிடைக்கிறது கிடைக்கட்டும் என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு முதல் தடவையாக ஒரு ஆசை வந்திருக்கிறது, அதைப் பாதியாக்கிவிட்டது நான். அவள் அதற்கும் சரி என்கிறாள். போனை வைத்துவிட்டு அழுதேன். சூசை எழுந்து வந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணியது அவர்தானே.

பன்னிரண்டாம் தேதி காலையில் கட்டிய பைகளோடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். தெருவில் எல்லோரிடமும் இன்றைக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லியாயிற்று. பால் ஊற்ற வந்தவர் இன்னும் போகலையா என்றார், மாதா கோவில் உபதேசியார் இன்னும் போகலையா என்றார். பத்து மணிக்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் மடத்துத் தலைவிக்கே போன் போட்டுவிட்டேன்.

அவர் கேரளத்தில் பாலா என்ற ஊர்ப் பக்கத்து மலையாளி. குமுளிச் சந்தையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்ட மலையாளத்தில் நடந்ததைச் சொன்னேன். பத்து நாள் கணக்கையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஆக்னஸ் இத்தனை வருடத்தில் தனக்கென்று என்னிடம் ஒரு அனுமதியும் கேட்டதில்லை. இந்த மூன்று நாளைத்தான் கேட்டாள். அதையும் நின்றுகொண்டே கேட்டாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஒரு மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். குரலில் எரிச்சல்.

"மதருகிட்ட என்னடி சொன்ன? கீழ்ப்படிதல்னு சொல்லிட்டாக. நாளைக்குக் காலைல விமானத்துல ஏறணுமாம், லாட்ஜுல போடுறதச் சாப்பிடணுமாம், சவாரிக்குப் போகணுமாம். இது கட்டளைன்னு எழுதியே குடுத்துட்டாக."

கன்னியாஸ்திரிகளுக்கு மூன்று வார்த்தைப்பாடு. ஏழ்மை ஒன்று, கீழ்ப்படிதல் ஒன்று. ஏழ்மை அவளைப் போகாதே என்றது, கீழ்ப்படிதல் போ என்றது. கீழ்ப்படிதல் ஜெயித்தது. இரண்டு நாளில் முதல் தடவையாகச் சூசை சிரித்தார்.

பதின்மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்குக் கார் கிளம்பியது. லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை ஏறி நாலு வளைவு போயிருக்கமாட்டோம், முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சாய்ந்து ரோட்டை முழுக்க அடைத்திருந்தது. டிரைவருக்கு அடியில்லை, தார் எல்லாம் ரோட்டில் கிடந்தது. கிரேன் கம்பத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. மூன்று மணிக்குக் கொச்சியில் கவுண்டர் மூடிவிடும். அட்டையில் பத்து நாள் முடிந்து நான் வாழைத்தாருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டரை மணிக்குச் சூசை பைகளை இறக்கினார். "வா, நடப்போம்" என்றார். பதினைந்து கிலோத் துணிப் பை என்று விதி போட்ட லாட்ஜ்காரர்களை அப்போதுதான் வாழ்த்தினேன். பெட்டியாக இருந்தால் முடிந்திருக்காது. லாரிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கம் போனேன். அங்கே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற பெண்களுக்காகக் காத்திருந்தது. டிரைவரிடம் சூசை இரண்டு வார்த்தை பேசினார். பதினாறு பேருக்கு நடுவே எங்களையும் அடைத்துக்கொண்டார்கள்.

என் மடியில் பாதி உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். காக்கிச் சட்டையையும் பைகளையும் பார்த்துவிட்டு எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஆப்பிரிக்காவுக்கு, சிங்கம் பார்க்க என்றேன்.

"பாக்கவா?" என்றாள் அவள். "இங்கன ஆனைய நாங்க பாக்கக் கூடாதுன்னுதான் மாதாகிட்டயும் மாரியாத்தாகிட்டயும் வேண்டிக்கிட்டுப் போறோம். போன மாசம் எங்க ஏலக்கா ஸ்டோருக்குப் பின்னாலயே வந்து நின்னுருச்சு."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறைக்கத் தோன்றவில்லை. அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன், பத்து நாள் கணக்கையும் சொன்னேன். உடனே அவள் டிரைவரின் தோளைத் தட்டி, எங்களைத் தோட்டத்துக்குப் போகிற விலக்கில் இறக்க வேண்டாம், குமுளி டாக்ஸி ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள். அவர்களுக்கு வேலைக்குத் தாமதமாகும் என்று எனக்குத் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கொச்சியில் இரண்டே முக்கால். கவுண்டரில் இருந்த பெண் மஞ்சள் அட்டையை வாங்கி, மேசைக்குக் கீழே விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

விமானத்தில் ஏறும் முன் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். சேர்ந்துவிட்டாளாம். கூடாரத்தில் நாலு தலையணை இருக்கிறதாம், எது யாருக்கு என்று தெரியாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாளாம். சாயங்காலச் சவாரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன், கட்டளையாச்சே என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு எங்கள் சின்ன விமானம் புல்வெளியில் இறங்கியபோது, திறந்த வண்டி ஒன்றின் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். அவள் சபையின் உடுப்பு மண் நிறம். அக்கா தங்கை இருவரில் லாட்ஜ் விதிப்படி உடுத்தியிருந்தது அவள்தான். நான் நேர் எதிரே போய் நிற்கிறவரை என்னைத் தேடினாள். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டாய் என்றாள்.

சிங்கம் பார்த்தியா என்று நான் கேட்டேன். இன்னும் இல்லை என்றாள்.

சாயங்காலச் சவாரியில் மழை. வரிக்குதிரை நனைந்துகொண்டு நின்றது. கழுதைப்புலி இரண்டு ஓடின. புல் உண்மையிலேயே ஆள் உயரம். மாடு காணாமல் போனவர்போல் சூசை நாலு திசையும் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டிய வழிகாட்டியின் பெயர் ஜோசப். சுவாஹிலி பேசுகிற விருந்தாளி அவருக்கு அபூர்வம்போல, அக்காவோடு ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். இருட்டுகிற வரை தேடிவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

இறங்கும்போது ஜோசப் என்னைத் தனியாக நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் பாதையோரத்தில் ஒரு ஆண் சிங்கம் படுத்திருந்ததாம், இந்த வண்டியின் நீளத் தூரம்கூட இருக்காதாம். மற்றவர்களெல்லாம் போட்டோ எடுத்தார்களாம். சிஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "பயப்படாதீர்கள் என்று சொன்னேன். பயமில்லை, நாளைக்கு என் தங்கை வருகிறாள் என்றார்."

எனக்கு வந்தது கோபம்தான். கூடாரத்துக்குள் போனதும் கத்திவிட்டேன். அவ்வளவு பாடுபட்டு, மதரிடம் கெஞ்சி, வாழைத்தாருக்குள் நுழைந்து வந்தால், கண் முன்னால் கிடந்ததைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாளாம். ஏன் மூடினாய் என்று கேட்டேன்.

"சவாரிக்குப் போகச் சொல்லித்தான் கட்டளை. கண்ணத் தெறக்கச் சொல்லிக் கட்டளை இல்ல" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருபத்தொம்பது வருசமா நீதானடி கேட்டுக்கிட்டு இருந்த. நீ இல்லாம நான் பாத்துட்டு, அப்புறம் ஒனக்கு என்னன்னு சொல்றது?"

"நாளைக்கும் கெடைக்கலைன்னா?"

"ரெண்டு பேரும் பாக்கலைன்னு இருக்கட்டும்."

அந்த மெத்தென்ற தலையணையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினைந்தாம் தேதி, கடைசிச் சவாரி. ஆறு மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு அக்காவின் விமானம். ஏழு, எட்டு, எட்டரை. ஜோசப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஈர மண்ணில் தடத்தைப் பார்ப்பார், இறங்குவார், ஏறுவார், வேறு பக்கம் திருப்புவார். சூசை என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விமானத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றார் ஜோசப். அக்காதான் சரி என்று தலையாட்டினாள்.

விமானத் திடலுக்குத் திரும்புகிற வழியில், ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில் ஜோசப் வண்டியை நிறுத்தி, கை காட்டாமல் மோவாயால் மட்டும் காட்டினார். புல்லுக்குள் புல் நிறத்தில் ஏதோ இருந்தது. சூசை என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

அக்காவுக்குத் தெரியவில்லை. தலையை அங்கும் இங்கும் திருப்பினாள். அவளுக்கு மிச்சமிருந்த அந்த வட்டத்துக்குள் அது விழவேயில்லை. எங்கடி, எங்கடி என்று கிசுகிசுத்தாள். நான் அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, கொஞ்சம் இறக்கி, அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவள் கண் நின்றது.

"இருக்குடி" என்றாள். நெடுநேரம் கழித்து, "கெழட்டுச் சிங்கம். மூஞ்சியெல்லாம் ஈ மொய்க்குது, பாவம். ஒரு காது கிழிஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "நம்மளத்தான் பாக்குது" என்றாள். அவள் தாடை என் கைக்குள் நடுங்கியது. ஜோசப் வண்டியைக் கிளப்பும் வரை நான் கையை எடுக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அதற்குள் மதுரை மடத்தில் இருந்த அக்காவுக்கு அந்த வட்டமும் மூடிவிட்டது. ஆப்பிரிக்கா பாடம் வந்தபோது பிள்ளைகள் சிங்கம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். தெருவிலும் கேட்கிறார்கள், அந்த ஜீப்பில் வந்த பெண் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பார்த்து அவளும் கேட்டாள். எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறேன். கிழட்டுச் சிங்கம், முகமெல்லாம் ஈ, ஒரு காது கிழிந்திருந்தது, நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அக்கா சொன்னது. நான் அந்தச் சிங்கத்தைப் பார்க்கவில்லை. அவள் தலை அசையாமல் இருக்கவேண்டுமே என்று அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பேசும்போதெல்லாம், நீயும் பாத்தேல்ல என்று அக்கா கேட்கிறாள். பார்த்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.